இரண்டு வருடம் அசையாத சரக்கு

ஜூன் 10, 2024, திங்கள்

நானும் மனைவியும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். காலை ஆறேகால் பஸ். சுலோச்சனாவை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வலது கை இப்போது பேருக்குத்தான் இருக்கிறது.

நோயின் பெயரை இந்த டைரியில் எழுதுவதில்லை என்று பொங்கலன்றே முடிவு செய்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: கையையும் நாக்கையும் அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டு வருகின்றன. குணப்படுத்த மருந்து இல்லை. போன செப்டம்பரில் பாடம் நடத்தும்போது சாக்பீஸ் விரலிலிருந்து நழுவியது. தை பிறந்தபோது பேச்சு குழறத் தொடங்கியது. இருபத்திரண்டு வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்த வாய் அது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரேச்சல் மேடம் இன்று ஒரு வழி சொன்னார்.

"இன்னும் ரெண்டு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம் சார். அப்புறம் அம்மா பேசறது வெளியாளுக்குப் புரியாது. அதுக்குள்ள குரலைப் பிடிச்சு வெச்சுக்கணும்."

சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறதாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது காட்டும் முந்நூறு வாக்கியங்களை சுலோ படித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வாய் முழுவதும் ஓய்ந்துபோனாலும், தட்டுகிற எழுத்தை அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இந்த ஆறு மாதத்தில் என்னால் செய்ய முடிந்த ஒரு வேலையை இன்றுதான் ஒருவர் சொல்லியிருக்கிறார். முப்பத்துநான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். சரக்கை வாங்கிப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்க நாச்சிமுத்துவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மருந்துச் சீட்டோடு கீழே போய்விட்டு நான் திரும்பி வந்தபோது மேடமும் சுலோவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் கிளம்பிவிட்டோம்.

கிணத்துக்கடவு தாண்டியதும் சுலோ என் தோளைத் தட்டினாள். "ஏனுங்க... அந்தப் பழைய..." என்று ஆரம்பித்தாள். பஸ் இரைச்சலில் அவள் பேச்சு எடுபடவில்லை.

"குரலைச் செலவழிக்காத சுலோ. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினேன். அந்த வேலையில் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் கஞ்சி. தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் சுலோவுக்குப் புரையேறுகிறது.

கம்ப்யூட்டர் 2017இல் டியூஷனுக்காக வாங்கியது. சாஃப்ட்வேர் இறங்கி முடியப் பிற்பகல் ஆயிற்று. பொத்தானை அழுத்தினால் சிவப்பில் ஒரு பெட்டி வந்து நின்றது: டிஸ்கில் போதிய இடமில்லை. தேவை 22 ஜிபி. சி டிரைவில் இருப்பது 13.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஸ்டோரில் இடமில்லை என்றால் இடம் செய்ய வேண்டியதுதான்.

ஜூன் 12, புதன்

இடம் செய்தேன். பழைய மின்கட்டண ரசீதுகள், இரண்டு முறை இறக்கிய ஒரே பஞ்சாங்கம், செத்துப்போன பிரிண்டரின் சாஃப்ட்வேர், யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து வீடியோக்கள். பகல் ஒரு மணிக்கு 22 ஜிபி கையில் வந்தது. பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முப்பத்தெட்டு சதவீதம் வரை போயிற்று. மறுபடியும் சிவப்புப் பெட்டி, மறுபடியும் போதிய இடமில்லை.

கேட்டது 22, கொடுத்தது 22. இதென்ன நியாயம்?

இடத்தை மறுபடி பார்த்தால் 18தான் இருக்கிறது. நான்கு ஜிபியைக் காணோம். மில்லில் ஒரு பேரிங் குறைந்தால்கூட அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இங்கே நான்கு ஜிபி போன இடம் தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

டி டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். அதில் இடம் 3 ஜிபிதான். அது என் அறை. மில் நண்பர் கொடுத்த சினிமாப் படங்கள் அதில் இருக்கின்றன, 212 படங்கள்.

சுலோ பின்னால் வந்து நின்றாள். திரையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல் சொல்லே வரச் சிரமப்பட்டது.

"நீ போய்ப் படு. இது ஏறினதும் முந்நூறு வாக்கியம் படிக்கணும். அதுக்குக் குரல் மிச்சம் வேணுமில்ல" என்றேன்.

சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஜூன் 14, வெள்ளி

மறுபடி 22 சேர்த்தேன். முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றது. மறுபடி நான்கு ஜிபி காணவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

நான்காவது முறை. அதே முப்பத்தெட்டு.

இன்று சுலோவுக்குத் தலை குளிப்பாட்டிப் பின்னல் போட்டேன். மூன்று கால் எடுத்துப் பின்னுவது இப்போது கை பழகிவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். "சரி சரி" என்றேன். என்ன சொன்னாள் என்று புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னால் பாவம், கழுத்து நரம்பெல்லாம் புடைக்கிறது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெனாசிருக்குப் போன் செய்தேன். முன்பு இரண்டு முறை இந்தப் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தவர். கெட்டிக்காரப் பெண். தங்கை கல்யாணத்துக்குத் தாராபுரம் போயிருக்கிறாராம், அடுத்த திங்கள்தான் வருவாராம்.

"அழிக்கறேன் அம்மிணி, ஆனா எடம் நிக்க மாட்டேங்குது" என்றேன்.

"ரீசைக்கிள் பின்ல போட்டா அது வாசல்ல வெச்ச குப்பை மாதிரிங்க சார், வீட்டை விட்டுப் போகாது. ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடிச்சுட்டு டெலீட் குடுங்க, ஒரேயடியாப் போயிரும். ஆனா திரும்ப வராதுங்க. முக்கியமானது எதும் இருக்குதுங்களா?"

"எல்லாம் கழிவுதான்."

"ஒரு புது டிஸ்க் போட்டுக்கலாங்களே சார். திங்கக்கெழமை வந்து மாட்டிக் குடுத்தர்றேன்."

வேண்டாம் என்றேன். இருக்கிற கழிவை அப்புறப்படுத்தாமல் புது ரேக் கேட்பவன் ஸ்டோர்கீப்பரே இல்லை. முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. தவிர, திங்கள்கிழமை வரை யார் காத்திருப்பது? பேச்சு நாளுக்கு நாள் குறைகிறது. இன்று "தண்ணி" என்றது எனக்கு "அண்ணி" போலக் கேட்டது.

ஜூன் 19, புதன்

ஐந்தாவது முறை காலையில், ஆறாவது முறை மாலையில். இரண்டும் முப்பத்தெட்டில் நின்றன. ஆத்திரத்தில் மேசையைக் குத்திவிட்டேன். உள்ளேயிருந்து சுலோ எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 20, வியாழன்

முடிந்தது. ஏறிவிட்டது.

மில்லில் எனக்கென்று ஒரு முறை உண்டு. ரேக்கில் இருக்கும் சரக்கின் அட்டையை எடுத்துக் கடைசியாக அசைந்த தேதியைப் பார்ப்பேன். இரண்டு வருடம் அசையவில்லையா, கண்டெம்ன். கழிவு லிஸ்டில் எழுதி லாரியில் ஏற்றிவிடுவேன். எந்தச் சரக்கு, யாருக்கு வேண்டும், என்றாவது பயன்படுமா என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தால் எந்த ஸ்டோரும் தாங்காது. மேனேஜர்கள் மாறினார்கள், என் முறை மாறவில்லை.

இத்தனை நாள் சில்லறை சில்லறையாக அழித்துக்கொண்டிருந்த என் முட்டாள்தனத்தை என்ன சொல்வது? இன்று முறைப்படி செய்தேன். கடைசியாகத் திறந்த தேதி வாரியாக ஃபைல்களை வரிசைப்படுத்தினேன். என் படங்களில் நாலைந்து போன மாதம் பார்த்தவை, அதனால் அந்த ரேக்கே அசையும் சரக்கு. அசையாதது டெஸ்க்டாப்பில் இருந்த ஒரே ஒரு ஃபோல்டர்தான். ஊரடங்கு வருடத்தில் சுலோ நடத்திய ஆன்லைன் கிளாஸ்கள். 186 ஃபைல்கள், 31 ஜிபி. கடைசியாகத் திறந்தது 2021 மார்ச். அந்தப் பிள்ளைகள் இந்நேரம் காலேஜே முடித்திருப்பார்கள்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஷிஃப்ட், டெலீட்.

பச்சைக் கோடு முப்பத்தெட்டைத் தாண்டியது. ஐம்பது, எழுபது, நூறு. சின்னதாக ஒரு மணிச் சத்தம். எழுந்து நின்று கை தட்டினேன். வெகு நாளைக்குப் பிறகு பாயசம் வைத்தேன், கெட்டியாக, புரையேறாதபடி. இரண்டு கரண்டி சாப்பிட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

பதிவு ஆரம்பம். மைக்கை அவள் உயரத்துக்கு வைத்தேன். முதல் வாக்கியம்: "பூனை மேசையின் அடியில் உறங்கிக்கொண்டிருக்கிறது." இரண்டாவது: "வரும் வியாழக்கிழமை நான் தொடர்வண்டியில் பயணம் மேற்கொள்வேன்."

சுலோ என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "யாரு... இப்பிடி... பேசறா?" என்றாள். இது எனக்கே புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பதினொரு வாக்கியம் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெளிவில்லை, மீண்டும் படிக்கவும்.

ஜூன் 22, சனி

ஒன்பது வாக்கியம். எல்லாம் சிவப்பு. சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு. திங்கள்கிழமை பெனாசிர் வந்து மைக்கைப் பார்க்கட்டும்.

ஜூன் 23, ஞாயிறு

நான்கு வாக்கியம். ஒன்று மட்டும் மஞ்சள் வந்தது. அது "ஆம்" என்ற வாக்கியம்.

ஜூன் 24, திங்கள்

பெனாசிர் காலையில் வந்தார். மைக் நன்றாக இருக்கிறது, சாஃப்ட்வேரும் நன்றாக இருக்கிறது என்றார். சும்மா போகாமல் டிஸ்கையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சார், இதை எத்தனை தடவை ஏத்தப் பாத்தீங்க?"

"ஏழு. ஆறு தப்பு, ஒண்ணு சரி."

"ஒவ்வொரு தடவை நின்னுபோகறப்பவும் பாதி அவுத்த மூட்டையை அப்பிடியே உள்ள போட்டுட்டு வந்திருக்குதுங்க. இங்க பாருங்க, டெம்ப் ஃபோல்டர்ல நாலு நாலு ஜிபியா ஆறு மூட்டை. இருபத்துநாலு ஜிபி. இதை எடுத்து வீசியிருந்தாலே போதும், வேற எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லைங்க."

காணாமல் போன சரக்கு கிடைத்துவிட்டது. திருடன் நான்தான்.

சரி, போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன். பெனாசிர் அந்த ஆறு மூட்டையையும் அழித்தார். மாலை ரேச்சல் மேடத்துக்குப் போன் செய்து சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சொன்னது

ஜூன் 25, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை. பால் திரிந்துவிட்டது.

ஜூன் 26, புதன்

எழுதிவிடுகிறேன்.

ரேச்சல் மேடம் சொன்னது இது: "சிவப்பு வந்தா விட்டுடுங்க சார், அம்மாவைப் படுத்த வேண்டாம். அதான் அந்த ஆன்லைன் கிளாஸ் ரெக்கார்டிங் இருக்குதே. நல்லா இருந்த காலத்துக் குரல், மணிக்கணக்கா இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க. படிக்கறதைவிட அதுதான் சாஃப்ட்வேருக்கு நல்லது. அரை மணி நேரம் தெளிவான பேச்சு இருந்தாப் போதும், நான் செஞ்சு தர்றேன். அன்னைக்கே உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். நானே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கறேன்னு அம்மாதான் சொன்னாங்க. கொரோனாக் காலத்துல நீங்க நடுவுல நடுவுல வந்து கிளாஸைக் கெடுத்த கதையெல்லாம் சொல்லிச் சிரிச்சாங்களே."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். பஸ்ஸில் "அந்தப் பழைய" என்று ஆரம்பித்ததும் அதைச் சொல்லத்தான். திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் அதற்குத்தான்.

அடுத்து மேடம், "அம்மா இப்ப வீட்ல பேசறாங்களா?" என்று கேட்டார். பதிவுக்காகக் குரலை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறோம், அதிகம் பேச விடுவதில்லை என்றேன்.

 "பேசாம இருந்தா மிச்சம் ஆகறதுக்கு அது தண்ணித் தொட்டி இல்லை சார். பேசறவரைக்கும் பேச விடுங்க. யாரு அப்பிடிச் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார்.

யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். 20ஆம் தேதிப் பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறேன். தூங்கவில்லை. என் நாற்காலியிலிருந்து எட்டடி தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் கொத்தமல்லித் தழை கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். பதில் வர மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த மூன்று நிமிடம் அவள் வாய் கோணுவதையும் எச்சில் வழிவதையும் நான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல. பல வாரமாகவே ஆம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் குரலைக் காப்பாற்றுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அதைக் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 27, வியாழன்

பெட்டியைத் துணியில் கட்டி ஆட்டோவில் பெனாசிர் கடைக்குக் கொண்டுபோனேன். அழித்ததை எடுக்க முடியுமா என்றேன்.

"அழிச்சதுக்கு அப்புறம் எதையாவது ஏத்தினீங்களா சார்?"

"அந்தச் சாஃப்ட்வேரைத்தான்."

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அழிச்சா உடனே போயிராதுங்க. எடம் காலின்னு எழுதி வெச்சுக்கும், அவ்வளவுதான். மேல வேற ஒண்ணு வந்து உக்கார்ற வரைக்கும் எடுத்தர்லாம். இது போய் அதே எடத்துலயே உக்காந்திருந்தா..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாக்கறேனுங்க. நாலு நாள் குடுங்க" என்றார்.

டியூஷன் பிள்ளைகளின் பழைய வாட்ஸப் குரூப்பில் கேட்டேன், யாரிடமாவது டீச்சரின் கிளாஸ் ரெக்கார்டிங் இருக்கிறதா என்று. முப்பது பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். தாரணி என்ற பெண் மட்டும் போன் செய்தாள், இப்போது ஓசூரில் வேலை.

"டீச்சர் எங்களுக்கு நோட்ஸ் மட்டுந்தானுங்க சார் அனுப்புவாங்க. வீடியோவைக் குடுத்தா கிளாஸுக்கு வராமத் தூங்குவீங்கன்னு சொல்லீருவாங்க" என்றாள். அழுதாள். அவளை நான்தான் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

என் போனைத் தேடினேன். சுலோ எனக்கு அனுப்பிய செய்தி ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் எழுத்து. வாத்தியாரம்மா, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவள். ஒரு தடவைகூடக் குரலில் அனுப்பியதில்லை.

ஜூன் 29, சனி

அவளிடம் சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் போய்விட்டிருந்தாள். முன்னறையில் கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

பல் தேய்த்துவிட்டேன், முகம் கழுவிவிட்டேன். என்னைப் பார்க்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பெட்டி திரும்பி வந்தது. பெனாசிரே கொண்டுவந்து மாட்டினார்.

"பேரெல்லாம் வந்திருச்சுங்க சார். நூத்தி எம்பத்தாறும் இருக்குது, தேதியோட. உள்ளதான் ஒண்ணுமில்லை."

வரிசையாகப் பெயர்களைப் பார்த்தேன். கரிம வேதியியல் 1, கரிம வேதியியல் 2, மின் வேதியியல் டவுட், ரிவிஷன் மார்ச். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். லெட்ஜர் சுத்தமாக இருக்கிறது, ரேக் காலி.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்சம் தெறக்குதுங்க. படம் வரலை, சத்தம் மட்டும் நாப்பது செகண்டு. இதை வெச்சு அந்தக் குரல் வேலை நடக்காதுங்க. ஆனா வேணும்னு நெனைப்பீங்கன்னு எடுத்து வெச்சேன்." அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்து அழுத்தினேன்.

"எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணுங்க. பென்சீன் வளையத்துல ஆறு கார்பன்..." மணி மாதிரிக் குரல். இந்தக் குரலை நான் மறந்தேபோயிருந்தேன். ஆறு மாதத்தில் ஒரு மனுஷனுக்கு மறக்குமா? மறந்துவிட்டது. அடுத்து என் குரல், கூடத்திலிருந்து: "சுலோ, என்ற கண்ணாடியை எங்க வெச்சே?" பதில் இல்லை. மறுபடி நான்: "டேபிள்ள இல்லையே. பீரோ மேலயும் பாத்துட்டேன். நீ எங்கயாச்சும் எடுத்து வெச்சியா? சுலோ, உன்னையத்தான்." நாற்பது நொடியில் முப்பது நொடி நான்தான். கடைசியில் அவள்: "கிளாஸ்ல இருக்கறேனுங்க. சித்தெ இருங்க, வந்தர்றேன்." அத்தோடு அறுந்துவிட்டது.

திரும்பினேன். சுலோ கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நான் தரையில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில் வழிந்தது, துண்டால் துடைத்தேன். அவசரப்படுத்தவில்லை, நடுவில் நானாக ஊகித்துச் சொல்லவுமில்லை.

"அந்த... சினிமாவை... எல்லாம்... அழிச்சிருக்கலாமில்லீங்க."

சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். முழுவதையும் கேட்டேன். சொல்லி முடித்ததும் அவள் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயதுக்காரன், வாய்விட்டு அழுதேன்.

ஜூலை 3, புதன்

212 படங்களையும் அழித்தேன். டி டிரைவில் இப்போது 160 ஜிபி காலி. வைக்க ஒன்றுமில்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்று முதல் அவள் சொல்வதை இதில் வரவு எழுதுகிறேன். அவள் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

காலை: "உப்பு ஜாஸ்தி."

மாலை: "உங்க அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வந்தா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க, பொண்ணைப் பாக்க மாட்டாங்க." இதற்குப் பதினொரு நிமிடம். இரண்டு இடத்தில் புரியவில்லை, திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாள். கோபிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நானும் போகப்போவதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

"மொதல் மொதல்ல பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க ஒரு வார்த்தையும் பேசலை. ஊமைன்னு நெனைச்சேன்."

இருபது நிமிடம். இடையில் கஞ்சி ஆறிவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

"பின்னல் கோணையா இருக்குது. அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்."

என்றைக்கு என்று கேட்கவில்லை. ஜூன் 16ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

ரேச்சல் மேடம் சொன்னபடி சாஃப்ட்வேரில் பொதுவாக இருக்கும் ஒரு பெண் குரலைப் போட்டிருக்கிறோம். இடது கையால் எழுத்தைத் தட்டினால் அந்தப் பெண் பேசுகிறாள். நல்ல குரல்தான், குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் வேற்று ஆள் வந்தது போல இருவரும் கொஞ்சம் ஒடுங்கிப்போகிறோம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"ஃபேன்."

"போதும்."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

"வேண்டாம்."

ஆகஸ்ட் 21, புதன்

காலை பத்து மணிக்கு என் தோளைத் தட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க" என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. பஸ்ஸில் அன்று ஆரம்பித்ததும் இந்தச் சொல்லில்தான். முயன்றாள், நிறுத்தினாள், மறுபடி முயன்றாள். எழுத்துத் தட்டக் கீபோர்டை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"சித்தெ நேரம் ஆனா ஆகட்டும். நான் இங்கயேதான் இருக்கறேன்" என்றேன்.

பத்தேமுக்கால் வரை உட்கார்ந்திருந்தோம்.

வரவு: ஏனுங்க.